பேட்டரித் தண்ணீரில் அழுகண்ணி

இராஜபாளையம்
12.8.1986

அன்புள்ள நூர்பானு,

'வளர்த்துக் காட்டுகிறேன் சார்' என்று இன்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாட்டனி ஐயாதுரை சார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "சிவப்பு அழுகண்ணியத் தொட்டியில வளக்கப் போறியாம்மா? அது மலையிலதான் சிவக்கும். பொங்கலுக்குள்ள சிவக்க வச்சுக் கொண்டா, எம்.ஃபில்லுக்கு நானே கைடா இருக்கேன்." தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அவரை விட்டால் இங்கே வேறு கைடு இல்லை. கைடு இல்லையென்றால் படித்தது போதும் என்கிறார் அப்பா.

மலையடிவார ஊற்றோரம் எடுத்த விதை இரண்டு முறை முளைத்தது. பூச்சி பிடிக்கும் பிசின் துளி இலையில் அரும்பும் முன்பே கருகிவிட்டது. எங்கள் கிணற்று உப்பு அதற்கு ஆகவில்லை. மிச்சம் ஒரு சிட்டிகை விதைதான்.

உன் தங்கபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.1986

அன்புத் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "உப்பில்லாத தண்ணிதான நம்ம கடையில விக்கோம்" என்றார். பேட்டரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீர். மதார் சாகிப் மாமா பஸ்ஸில் ஒரு கேன் கொண்டுவருவார். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடவில்லை என்று நானே பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

நான் பாதியில் விட்ட பாட்டனியை இந்தச் செடியாவது முடிக்கட்டும்.

நூர்பானு

இராஜபாளையம்
18.11.1986

அன்புள்ள நூர்பானு,

கழுவிய ஆற்றுமணலில் எல்லாம் முளைத்துவிட்டது. நிழலில் வைத்து, தினமும் கொசு அடித்து ஊட்டுகிறேன். வாடுகிறதே என்று அம்மா ஒரு தொட்டியில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டாள், அது போயிற்று. மற்றவை கொழுகொழுவென்று இருக்கின்றன. ஆனால் அத்தனையும் பச்சை. சார் சொன்னதுதான் நடக்கும் போலிருக்கிறது.

தங்கபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.11.1986

ஏட்டி, ஊத்தோரத்துல அதுக்கு யாரு குடை பிடிச்சா? வெயில்ல வை. சாப்பாட்ட அதுவே பிடிச்சுக்கிடும்.

நூர்பானு

இராஜபாளையம்
12.1.1987

அன்புள்ள நூர்பானு,

மொட்டைமாடியில் ஒவ்வொரு இலையும் மாதுளை முத்தாகச் சிவந்தது. இன்று தொட்டியை அவர் மேஜையிலேயே வைத்தேன். ஓர் ஈ ஒட்டிக்கொண்டு துடித்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன உரம் போட்ட?"

"ஒண்ணுமே போடல சார்."

இந்த முறை தலையைக் குனியவில்லை. பேட்டரித் தண்ணீரையும் உன் பெயரையும் சொன்னேன். சம்மதக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். விதை விட்டதும் செடி காய்ந்துவிடும். உன் பங்கு விதையை அனுப்பிவைக்கிறேன்.

உன் தங்கபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.6.1988

அன்புத் தங்கத்துக்கு,

நீ அனுப்பிய விதை, எங்கள் கடை மாடியில் முளைத்துப் பூத்துக் காய்த்தது. எல்லாம் சிவப்பு.

விட்டுப்போன பரீட்சைகளை ஏப்ரலில் எழுதினேன். பாஸாகிவிட்டேன்.

நூர்பானு