ஈரத்துணி பட்ட கதவு

பதிவு: சோதனையின் ஆறாம் நாள், காலை

இடம்: நிலவின் தென்முனை, மேட்டு விளிம்பு. கூடார அழுத்தம் சரி. வெப்பம் சரி. வெளிக்கதவு, உள்கதவு இரண்டும் சரி. ஆள் ஒருத்தி, உயிரோடு.

இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: என் பெயர் மயிலாத்தாள். கரூரில் கொசுவலை தைத்து விற்று, லாரித் தார்ப்பாய்க்கு ஏறி, இப்போது நிலவில் ஆள் குடியிருக்கும் கூடாரம் வரைக்கும் வந்திருக்கிறேன். துணியும் தையலும் என்னுடையவை. கதவு மட்டும், கூடாரங்களைச் சோதித்துத் தேர்ச்சி தரும் தேர்வு வாரியம் கொடுத்தது.

நான் செய்வதற்கு வாரியத்தின் பாஷையில் ‘களச் சோதனை’ என்று பெயர். ஆய்வகத்தில் ஓர் இயந்திரக் கை இந்தக் கதவை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிவிட்டது. ‘தாங்குதிறன்: தேர்ச்சி’ என்று எழுதிவிட்டார்கள். இயந்திரக் கைக்குப் பசிக்காது. பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தாது. அதனால் நான் சாத்துகிறேன். முழங்கையால் இடித்தேன். கொடி கட்டி உள்பாவாடை காயப்போட்டேன்.

வாரிய அதிகாரி அருமைராஜ் லைனில் கூப்பிட்டார்: “மேடம், துணி காயப்போடறது சோதனைத் திட்டத்துல இல்லையே?”

“குடியிருக்க வர்றவங்க அம்மணமாவா வருவாங்க? எழுதிக்கங்க” என்றேன்.

பதிவு: அதே நாள், மதியம்

வெளியே போய் வந்தேன். நிலாத் தூசி பார்க்க மாவு, தொட்டால் கண்ணாடித் தூள். வெளிக்கதவின் ரப்பர் பட்டை முழுக்க அப்பிக்கிடந்தது. வாரியம் கொடுத்த தூரிகை தூசியை இங்கிருந்து அங்கே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஈரத்துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

யோசிக்கவே இல்லை. வாசல்படி துடைக்க எங்கள் ஊரில் யார் யோசிப்பார்கள்?

பதிவு: ஏழாம் நாள், காலை

வெளிக்கதவு போய்விட்டது. ஈரம் தூசியோடு குழைந்து பட்டையின் இடுக்கில் இறங்கியிருக்கிறது. நிழல் குளிரில் உறைந்து ரப்பரைப் பிளந்துவிட்டது. இரண்டு கதவுக்கும் இடையே இருந்த காற்று காலி. எனக்கும் வெட்டவெளிக்கும் நடுவில் இப்போது உள்கதவு ஒன்றுதான்.

அருமைராஜ்: “ஈரத்துணி கையேட்டுல இல்லை மேடம். இது பயனர் தவறு. கூடாரம் தேர்ச்சின்னுதான் போகும். உங்களை ஏத்திட்டு வர வண்டி அனுப்பியாச்சு. விண்வெளி உடுப்பைப் போட்டுட்டு அசையாம உட்காருங்க.”

விஷயம் இதுதான். கட்டட வேலைக்கு வரும் குடும்பங்களோடு ஒரு கப்பல் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதே கதவு வைத்த கூடாரங்கள் அதே கப்பலில். நாளைக்கு இறங்குகிறார்கள். இறங்கிய அன்றே எவளாவது ஒருத்தி ஈரத்துணியை எடுப்பாள். பிள்ளை உள்ளே தூங்கும்போது எடுப்பாள்.

“எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிடலாம் மேடம்.”

“ஸ்டிக்கரைப் படிச்சு நடக்கற ஊரா இருந்தா பஸ்ல எவனும் படியில தொங்க மாட்டான். தப்பு பண்றவனுக்குத்தான் பொருள் செய்யணும், சாமி. தப்பே பண்ணாதவன் எந்தக் கடைக்கு வந்திருக்கான்?”

என் தொழில் கூட்டாளி குணசீலன் கரூரிலிருந்து லைனில் வந்தான்.

“அக்கா, கதவு நம்மளது இல்லீங்க்கா. துணி தேறிடுச்சு. பேசாம வண்டியேறுங்க.”

“கூடாரத்து மேல எழுதியிருக்கற பேரு யாருது?”

“உங்குளுதுதானுங்க.”

“அப்பறம் என்னடா.”

பதிவு: ஏழாம் நாள், மதியம்

வாரிய விதியை அருமைராஜ் வாயிலிருந்தே பிடுங்கினேன். ஒரு தடவை நடந்தால் தற்செயல். அதே குறை மறுபடி, கருவிப் பதிவோடு நடந்தால் ‘குறை உறுதி’. அப்போது கப்பல் இறங்குவது தானாக நின்றுவிடும். கையெழுத்து, மேலிடம் எதுவும் வேண்டாம்.

நல்ல விதி. என்னிடம் இன்னொரு கதவு இருக்கிறது.

குணசீலன் அழுதான். “சரக்கை நீங்களே ஒடைக்கறீங்களாக்கா?” ஆமாம். என் சரக்கு, நான் உடைப்பேன். பிள்ளை மேல் உடைவதைவிட என் மேல் உடையட்டும்.

வண்டி வரும்வரை உடுப்பில் காற்று தாங்குமாம். எப்படித் தெரியும் என்றேன். “ஆய்வகத்துல பார்த்தது மேடம்” என்றார் அருமைராஜ். நான் துணியை நனைத்தேன்.

குரல் பதிவு: ஏழாம் நாள், மாலை

உடுப்பு போட்டாச்சு. கருவி ஓடுது. உள்கதவுப் பட்டையிலயும் அதே தூசி, கீழ் மூலையில இருந்து ஈரத்துணியால துடைக்கிறேன். நல்லா அழுத்தி.

“மேடம், வேண்டாம்! துணியைக் கீழ போடுங்க!”

அருமைராஜ், இப்பத்தான் உங்க குரல்ல ஒரு மனுஷன் இருக்கான்.

காத்திருக்கேன். பட்டையில வெள்ளை பூக்குது. உறையுது.

விசில் மாதிரி சத்தம். விரிசல். அதே மாதிரி, அதே இடுக்குல. கூடாரம் சுருங்குது... மேல விழுது. தையல் ஒண்ணுகூடப் பிரியலை, குணசீலா, அதையும் எழுது. பதிவாச்சா? யாராச்சும் சொல்லுங்க, பதிவாச்சா?

“குறை உறுதி. கப்பல் இறங்கலை. மேடம், கப்பல் இறங்க—”

கூடாரத்து ரேடியோவோட லைன் போச்சு. போகட்டும். கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு.

கூடாரத் துணியைக் கிழிச்சு வெளிய வந்துட்டேன். வண்டி விளக்கு தெரியலை. உடுப்புல காத்து அளவு காட்டற முள்ளு... அவங்க சொன்னதைவிட வேகமா இறங்குது. கண்டெடுக்கறவங்க குறிச்சுக்கங்க. உடுப்பு, ஆய்வகத்துல தேர்ச்சி. களத்துல