நல்ல கண்ணின் ஓரம்

இரத்தோட்டை,
பெப்ரவரி 9.

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு, அப்பா சொல்ல, பக்கத்துக் காம்பரா வீட்டு நிரோஜா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். உன்னையும் மருமகன் மகேஸ்வரனையும் முத்துமாரி காக்கட்டும்.

போனில் கண் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மெதுவா சொல்லுங்க தாத்தா, கை வலிக்குது என்கிறாள் நிரோஜா. வலிக்கட்டும்.

போன மாதம் கொழும்பு கிளினிக்கில் நீ கோபித்துக்கொண்டு வெளியே போன பிறகு, டொக்டர் மதுராவிடம் எல்லாம் கேட்டேன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால் துளிர்க்கிற மாதிரி என்று தொடங்கினார். தோட்டத்துக் கதை வேணாங்க, கண்ணைச் சொல்லுங்க என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார். கருவிழியைச் சுற்றியுள்ள ஓரத்திலிருந்துதான் அதன் மேல்தோல் புதிதாக வளருமாம். உன் இடது கண்ணில் அந்த ஓரம் வெந்துவிட்டது. வலது கண்ணின் ஓரத்தில் அரிசியிலும் சிறிய துண்டெடுத்து இடதில் வைத்தால், அது பரவி வளருமாம். எடுத்த இடம் தானாக ஆறிவிடும். பலருக்குப் பலித்திருக்கிறது, சிலருக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

என் கண்ணில் எடுங்கள் என்றேன். அடுத்தவர் கண்ணில் எடுத்தால் உடம்பு லேசில் ஏற்காது, அதோட ஐயா, உங்க கண்ணுக்கே வயசு போயிருச்சே என்றார்.

இருக்கிற கண்ணும் போய்விடும் என்று பயப்படுகிறாய். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். தீபாவளிக்கு முதல் நாள், வெள்ளையடிக்க நான் கரைத்த சுண்ணாம்புதான் கொதித்து உன் கண்ணில் தெறித்தது. அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். தண்ணி பட்டா சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணு வெந்துரும் என்று தட்டிவிட்டேன். அறுபது வருஷமாகச் சுண்ணாம்பு வாளியில் பார்த்ததைக் கண்ணுக்கும் சொன்னேன். தேங்காயெண்ணெய் விட்டோம். மாத்தளை ஆஸ்பத்திரி போகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. உடனே கழுவியிருந்தால் அந்த ஓரம் தப்பியிருக்கலாம் என்றார் டொக்டர். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஒப்பரேஷன் திகதி பதினேழு. விட்டால் அடுத்தது எப்போதென்று டொக்டருக்கே தெரியாது. பதினாறாம் திகதி முதல் பஸ்ஸில் வருகிறேன். மருமகன் சரி என்றுவிட்டார். நீ மாட்டேன் என்றால் உன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், உனக்கும் அதுதானே வந்திருக்கிறது.

பிழைத்த ஒரு கண்ணால் என்னை மன்னித்துப் பார்க்க வேண்டாம், மகளே. இரண்டு கண்ணாலும் முறைத்துப் பார். அது போதும்.

பெருவிரல் பதித்து,
உன் அப்பா செல்லச்சாமி