மேஜிக் கோட்டும் திட்டுகிற பாட்டியும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். என் முழங்கால் வலி வந்த இடத்திலேயே நிற்கிறது, அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ போன் பண்ணி உன் அண்ணன் மகள் வாண்டுவின் பிறந்தநாள் படத்தைப் பார்த்தேன் என்றாய், அப்பாவின் கோட்டு பிரமாதம், தைத்தவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் என்றாய். சரி. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றாளே, உன்னைப் பெற்றவள், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா? நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல்.

உன் அப்பா கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குழந்தைகளின் பிறந்தநாளுக்கு மேஜிக் காட்டப் போகிறேன் என்று கிளம்பியது உனக்குத் தெரியும். டிக்கெட் கிழித்த விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது போல. எந்த வித்தை குழந்தைகளுக்கு எடுபடும் என்று பார்க்க ஒவ்வொன்றையும் முதலில் என்னிடம்தான் காட்டுவார், நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். காதிலிருந்து காசு எடுத்தார், அது ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். முட்டையை மறைத்தார், பைக்குள் இன்னொரு பை இருக்கிறது என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், என் கண் அங்கே நின்றுவிடவில்லையே. மனிதர் முகம் ஊதிப்போய்விட்டது. ஒன்று மட்டும் சொன்னேன், இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கயிற்றை வெட்டி ஒட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், அதுகளுக்கு ஏமாறப் பிடிக்காது, பெரியவர்களை ஏமாற்றத்தான் பிடிக்கும், அதற்குத் தக்கதாகப் பாருங்கள் என்றேன். மேஜிக்கப் பத்தி உனக்கு என்ன தெரியும், நீ பீன்ஸைப் பாரு என்றார்.

அதோடு வித்தையெல்லாம் எதிர் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் தையல்காரியைத்தான் சொல்கிறேன், தைக்கிற துணியிலெல்லாம் பளபளவென்று எதையாவது ஒட்டுவதால் நான் அவளுக்கு ஜிகினா என்று பெயர் வைத்திருக்கிறேன், வெளியே சொல்லிவிடாதே. கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனவர் அங்கேயே காசையும் முட்டையையும் காட்டியிருக்கிறார். அவள் கன்னத்தில் கைவைத்து, ஐயோ அண்ணே, எப்படிண்ணே, இன்னொரு தடவைண்ணே என்று உருகுகிறாள், எனக்கு இங்கே அடுப்படி வரை கேட்கிறது. அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்றோடு அந்தப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன். வாண்டுவின் பிறந்தநாளுக்கு எந்த வித்தை என்பதை அவள் கைதட்டலை வைத்தே முடிவு செய்தார்கள். கடைசியில் கோட்டுக்குள்ளிருந்து கலர் கலராகக் கைக்குட்டை மாலை வரவேண்டுமாம், அதற்கு உள்துணியில் ரகசியப் பை ஒன்று, தட்டு ஏந்தி நிற்க இவளே. நான் கேக்குக்குக் கத்தி பிடிக்க.

விழாவன்று வீடு கொள்ளாத பிள்ளைகள். வாண்டு வகுப்பு முழுக்க எங்க தாத்தா பெரிய மேஜிக்காரர் என்று பீற்றி வைத்திருக்கிறாள். அவள் வகுப்பில் ஒரு பையன், அவன் பிறந்தநாளுக்கு வந்த மேஜிக்காரர் முயலே எடுத்தாராம், அவன் முதல் வரிசையில் கைகட்டிக்கொண்டு பரீட்சை வைக்க வந்தவன் போல உட்கார்ந்திருக்கிறான். முட்டை மறைந்தது, பைக்குள்ள பை இருக்கு என்று அந்தப் பொடியனே சொல்லிவிட்டான். நான் கத்தியைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து மாலை. உன் அப்பா மந்திரம் சொல்லிக் கையைக் கோட்டுக்குள் விடுகிறார், கை போகவில்லை. இழுக்கிறார், வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, புதுக் கோட்டின் பையை, பிறகு பிரித்துக்கொள்கிற மாதிரி ஓட்டுத் தையல் போட்டு மூடித்தான் கொடுப்பது தையல்காரர்கள் வழக்கமாம், மாலையை உள்ளே அடுக்கியவள் அந்தப் பழக்கத்தில் கை பாட்டுக்குப் பையைத் தைத்துவிட்டுப் பிரிக்க மறந்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சுக்குள் ஐஸ் வைத்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது. கூப்பிடுங்கள் உங்கள் ரசிகையை என்று நினைத்தேன். அதற்குள் வாண்டுவின் கீழுதடு பிதுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகு நிற்க முடியுமா?

நேரே போய், எதைத் தேடறீங்க, கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடற ஆளுதானே நீங்க என்று வீட்டில் போடுகிற அதே சத்தம் போட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவர் பதறித் திரும்பினார், இழுத்த இழுப்பில் பையின் தையல் ஓரத்தில் விட்டுக் கோட்டுக்குக் கீழே பின்பக்கம் மாலையின் சிவப்புத் துணி ஒரு சாண் வாலாகத் தொங்குகிறது. தாத்தாவுக்கு வாலு, பின்னாடி பாரு பாட்டி என்று ஒரே கூச்சல். நான் என் பின்னாடி பார்த்து, ஒண்ணையும் காணோமே என்றேன். அவர் இந்தப் பக்கம் திரும்ப வால் அந்தப் பக்கம் போகிறது. புரிந்துகொண்டாரே மனிதர், பஸ்ஸில் கூவுகிற குரலில், டிக்கெட் எடுக்காம பின்னாடி ஏறினது யாரு என்றார். அந்த முயல்காரப் பொடியன் தரையில் உருண்டு சிரித்தான். கடைசியில் வாண்டுவைக் கூப்பிட்டு நீ இழுடி என்றேன். இழுத்தாள், நூல் தெறித்து மஞ்சளும் பச்சையும் நீலமுமாய் வந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு துணியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றின. நான்தான் மேஜிக் பண்ணினேன் என்று உன் மருமகள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒரு பிள்ளையின் அம்மா அங்கேயே எங்கள் வீட்டு விழாவுக்கும் வாருங்கள் என்று கூப்பிட்டு, அந்தத் திட்டுற பாட்டியும் வருவாங்கல்ல என்று கேட்டுக்கொண்டாள். கேட்டாயா? கோட்டைக் கேட்கவில்லை.

இதற்கு ஜிகினா என்ன சொன்னாள் தெரியுமா, நான் பிரிக்க மறந்ததாலதான்கா இவ்வளவு நல்லா வந்துச்சு என்றாள். அன்று எரிந்த வயிறு, நீ போன் பண்ணியதும் கொழுந்துவிட்டது. நேற்று கதவைத் தட்டினாள். உன் அப்பாவின் கோட்டுத் துணியிலேயே எனக்கு ஒரு மேல்சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். போட மாட்டேன் என்றுதான் இருந்தேன், போட்டுப் பார்த்தால் தோளும் கையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. அளவு எடுக்கவே இல்லையே என்றேன். உங்க ஜன்னலப் பார்த்துதான்கா என் மெஷின் கிடக்கு, நீங்க அண்ணனைத் திட்டறதக் கேட்டுக்கிட்டேதான் தைப்பேன், எனக்குத் திட்டவும் ஆளில்ல, திட்டு வாங்கவும் ஆளில்ல, திரை போட்டதிலேருந்து தையலே ஓடலக்கா என்றாள். தேநீர் கொடுத்தேன், பிஸ்கட்டும் வைத்தேன்.

அவ்வளவுதான் சங்கதி. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதிகம் அலைய விடாதே, நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க அம்மாவின் ஆசி. அடுத்த போனில் முதலில் என் சட்டையைப் பற்றிக் கேள், பிறகு கோட்டைப் பற்றிக் கேட்டுக்கொள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஜன்னல் திரையை இன்று காலை கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டேன், காய்ந்தாலும் உடனே மாட்டுவதாக இல்லை. உன் அப்பாவையும் இப்போது கொஞ்சம் உரக்கவே திட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
திட்டுகிற பாட்டி.