ஆர்க்கிட் செடிக்குக் குளிர்

மார்கழி 4, வெள்ளி

மகள் மல்லிகா இரண்டு வருடங்களுக்கு முன், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போனபோது ஆர்க்கிட் தொட்டியை என்னிடம் விட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. செடியில் அப்போது இருந்த பூ உதிர்ந்தது. பிறகு வெறும் இலைதான்.

நேற்று போனில் சொன்னாள்: "ஏசி ரூமுக்குள்ளயே வச்சிருந்தா பூக்காதும்மா. ராத்திரிக் குளிரு படட்டும்."

இன்று பொழுது சாய்ந்ததும் தொட்டியைத் தூக்கி வெளியே மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். காட்டுப் பக்கமிருந்து காற்று சில்லென்று வந்தது.

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, செடிய எதுக்கு வெளிய வச்ச? பனியில பட்டுப் போகும்லா?"

"குளிரு பட்டாத்தான் மொட்டு விடுமாம்."

"யாரு சொன்னா?"

"உங்க மவ."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிட்டதும் எழுந்து போய்விட்டார். அவள் பேரை இழுத்திருக்க வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டே தட்டைக் கழுவினேன். கையைத் துடைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், என் போனைக் காதில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் நிற்கிறார்.

"அப்பாதான் பேசுதேன். இந்தச் செடிய எத்தன நாளைக்கு வெளிய வைக்கணும்?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"மூணு வாரமா? பகல்ல உள்ள எடுத்திரணுமோ? சரி."

அதற்கு மேல் இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. நான் சத்தம் காட்டாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

அப்புறம் என்ன பேசினார்கள் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.