இரண்டே இரண்டு பொத்தான்

8 ஜனவரி 2025, புதன்

இன்றைய வேலை ஒரு பாப்-அப். நேற்றும் அதுதான். நாளைக்கும் அதுவாகத்தான் இருக்கும். போன் திரையின் நடுவில் திடீரென்று முளைத்து, பின்னால் இருப்பதையெல்லாம் மங்கவைத்து, 'நிச்சயமாகவா?' என்று கேட்குமே, அந்தச் சின்னப் பெட்டி. யாருக்கும் அதைப் பிடிக்காது. செய்கிற எனக்கே பிடிக்காது. ஆனால் சென்னைக் கம்பெனி என்னைக் கச்சிராயபாளையத்தில் வீட்டிலேயே உட்காரவைத்துச் சம்பளம் தருவது அதற்குத்தான்.

சரியாக வேலை செய்கிறதா என்று காலையிலிருந்து என் போனிலேயே திறந்து மூடிக்கொண்டிருந்தேன். 'வெளியேற வேண்டுமா?' ஆம். மறுபடி திறந்தேன். 'வெளியேற வேண்டுமா?' இல்லை. இன்று முழுக்க என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அது மட்டும்தான்.

என் மனைவி சிவரஞ்சனி கார்த்திகையில் சங்கராபுரம் போனாள், அம்மா வீட்டுக்கு. அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரே பெண், போகத்தான் வேண்டும். நானே பஸ் ஏற்றிவிட்டேன். பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

11 ஜனவரி

சாப்பிட்ட தட்டைக் கழுவ ஆளில்லை என்று எழுத நினைத்தேன். ஆள் இருக்கிறேன். கழுவத்தான் மனசில்லை.

14 ஜனவரி, பொங்கல்

பானை வைக்கவில்லை. எதிர் வீட்டில் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தார்கள். ரஞ்சனி வரவில்லையா என்று கேட்டார்கள். நாளைக்கு வருகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மத்தியானம் அவளுக்கு போன் போட்டேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். அத்தைக்கு எப்படி இருக்கிறது, வாக்கர் பிடித்து நடக்கிறார்களா, எல்லாம் கேட்டேன். திருப்பிவிட்டால்தான் புரள்கிறார்கள் என்றாள். அப்புறம் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"உங்கம்மாவா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

போனை வைத்துவிட்டாள்.

நான் கேட்டது தப்புன்னே இருக்கட்டும். ஒரு மனுசன் நல்ல நாளும் அதுவுமா தனியா கெடக்கிறானேன்னு அவளுக்குத் தோணலியா? இல்ல, தோணியும் வரலியா? இதுல எது மோசம்?

17 ஜனவரி

புது வேலை. எங்கள் டீம் லீடர் தீனதயாளன் என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் சார். "அந்த மலை உங்க ஊர்ப் பக்கம்தானே, ஜேபி" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். ஜெயப்பிரகாஷ் என்று முழுசாகக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை.

கல்வராயன் மலையில் சாமை விளைவிக்கிற ஊர்களுக்கான ஆப். கீழேயிருந்து வாரம் ஒரு லாரி மேலே போய் வாங்கி வரும். சாமை இருக்கிற ஊருக்கு மட்டும் போனால் டீசல் மிச்சம். ஊருக்கு ஒரு போன். அது மகளிர் குழுத் தலைவியிடம் இருக்கும். அவர் ஒவ்வொரு வீட்டின் பெயராகத் தொட்டால் ஒரு பாப்-அப் வரும். 'இந்த வாரம் விற்கச் சாமை இருக்கிறதா?' கீழே இரண்டு பொத்தான். பச்சையில் 'இருக்கிறது'. சாம்பலில் 'இல்லை'. அந்தந்த வீட்டார் விரல் வைக்க வேண்டும்.

வாசகத்தை நான்தான் எழுதினேன். சுருக்கமான, பிழையில்லாத தமிழ். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. காட்ட ஆளில்லை.

23 ஜனவரி

முதல் வாரமே மண்ணைக் கவ்வியது. கேள்வி போயிருக்கிறது, பதில் வரவில்லை. பெட்டிக்கு வெளியே எங்கே தொட்டாலும் அது மூடிக்கொள்ளும்படி வைத்திருந்தேன், வழக்கமாக எல்லோரும் வைப்பதுபோல. பாதி வீட்டுக்காரர்கள் வெளியே தொட்டுத் தப்பித்துவிட்டார்கள்.

தீனதயாளன் சாருக்குக் கோபம். பதில் சொல்லாமல் யாரும் நகரக்கூடாது, பூட்டிவிடு என்றார். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பூட்டிவிட்டேன். இனி வெளியே எத்தனை முறை தொட்டாலும் பெட்டி போகாது.

24 ஜனவரி

ரஞ்சனியிடம் பேசினேன். அம்மாவுக்கு மருந்து, பிசியோ என்று ஏதோ சொல்ல வந்தாள். அதெல்லாம் வேண்டாம், வர்றேன் இல்லைன்னா வரல, ஒரே வார்த்தை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்புறம், "சரி வர்றேன். ஞாயித்துக்கெழம" என்றாள்.

வருகிறாள். வீடு கூட்டினேன். தலையணை உறையெல்லாம் துவைத்துப் போட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சியில் மாறித்தான் வர வேண்டும். அங்கிருந்து வருகிற டவுன் பஸ் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் பின்படியைப் பார்ப்பேன், முன்படியைப் பார்ப்பேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் குறுக்கே வந்தால், அது நகர்வதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாளோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். டீக்கடைக்காரர் மூன்றாவது டீக்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்.

வரல. போன் எடுக்கல.

வரலன்னா வரலன்னு சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு வர்றேன்னு சொன்ன? எதுக்குடி?

30 ஜனவரி

லாரி மலைக்குப் போய் காலியாகத் திரும்பி வந்தது. வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற ஊர் அது. அந்த ஊரில் ஒரு வீடு விடாமல் 'இருக்கிறது' என்று பதில் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஒரு மூட்டைகூட இல்லையாம். டிரைவர் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டியிருக்கிறார்.

படிக்கத் தெரியாமல் தொட்டிருப்பார்கள் என்கிறார் தீனதயாளன் சார். அடுத்த வாரமும் இப்படியானால் ஆப் வேண்டாம், லாரியும் வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அக்கறையெல்லாம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை இந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது.

1 பிப்ரவரி, சனி

வண்டியில் மலையேறினேன். வளைவுகளில் பனி விலகவே இல்லை. ஊருக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது. ஆட்கள் காட்டிலிருந்து திரும்புகிற பொழுதில் குழுத் தலைவி தைலம்மாள் அங்கே போனோடு நிற்பார்களாம். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேள்வியை உரக்கப் படிப்பார்கள். அந்த வீட்டுக்காரர் வந்து எல்லோர் எதிரிலும் விரல் வைப்பார். படிக்கத் தெரியாத சிக்கல் ஒன்றும் இல்லை.

தைலம்மாள் வீட்டில் உட்கார்ந்ததும், உங்களிடம் சாமை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குது தம்பி, சாப்ட்டுட்டுத்தான் போவணும் என்றார்கள். சொல்லிவிட்டு மகள் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் சேலைத் தலைப்பால் மூடி எதையோ வாங்கி வந்தாள். அப்புறம்தான் உலை வைத்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, ஏன்கா 'இல்லை'யைத் தொடலை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"வெளக்கு வெக்கிற நேரத்துல, தானியத்தப் பேரு சொல்லிக் கேட்டா, இல்லன்னு யாரு தம்பி கை வெப்பா? உன் வூட்ல வெப்பாங்களா?"

வைக்க மாட்டார்கள். கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அரிசி தீர்ந்துபோன அன்றைக்குக்கூட 'அரிசி வாங்கணும்' என்றுதான் அம்மா சொல்லுவாள். அவள் போய்ச் சேர்கிறவரை அந்த அடுப்படியில் 'இல்லை' என்ற பேச்சே வந்ததில்லை. அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் செய்து, அதில் 'இல்லை' என்று எழுதி, தப்பிக்க இருந்த வழியையும் பூட்டி மேலே அனுப்பியிருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்தால் நமக்கு ஊரும் மறந்துவிடுகிறது, அம்மாவும் மறந்துவிடுகிறாள்.

3 பிப்ரவரி

மாற்றி எழுதினேன். 'வண்டி எப்போது வரட்டும்?' இந்த வாரம். அடுத்த வாரம். நாங்களே கூப்பிடுகிறோம். மூன்று பொத்தான் வைத்தால் சின்ன போனில் அசிங்கமாக இருக்கும் என்றார் தீனதயாளன் சார். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். பூட்டையும் எடுத்துவிட்டேன். அதற்கும் முனகினார். ஆப் பிழைத்தால் சரி என்று விட்டுவிட்டார்.

6 பிப்ரவரி

லாரி இன்று ஒரே ஊருக்குப் போனது, நிறைந்து வந்தது. மற்ற ஊர்களில் முக்கால்வாசிப் பேர் 'நாங்களே கூப்பிடுகிறோம்' போட்டிருக்கிறார்கள். தைலம்மாளின் ஊர் மொத்தமும் அதுதான். சார் குரூப்பில் கைதட்டும் படம் போட்டார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த மூன்று பொத்தானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய கேள்வி அவர்களிடம் கணக்குக் கேட்டது. புதுக் கேள்வியில் நகர்கிறது வண்டிதான். அவர்கள் வீட்டில் இருந்தபடியே இருக்கிறார்கள்.

என் வேலை லேப்டாப்பில். எங்கே உட்கார்ந்து செய்தாலும் பாப்-அப் பாப்-அப்தான். அவளுக்கோ புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய அம்மா. கார்த்திகையிலிருந்து நான் நகரச் சொல்லிக்கொண்டிருப்பது அவளை. வேறு பேச விடாமல் பூட்டிக் கேட்டேன், அவளும் மலைக்காரர்கள் மாதிரி பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டாள். நான் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

இது ஏன் எனக்குத் தோணவே இல்ல? பொண்டாட்டி வூட்ல போய் ஒக்காந்தா வூட்டோட மாப்ளன்னு ஊரு சிரிக்கும்னா? எந்த ஊரு? இத்தினி நாளா இந்த வூட்டுக்குள்ள எட்டிப் பாத்தவன் எவன்?

அவளுக்கு எழுதினேன்: 'நான் அங்க வரட்டுமா? எப்போ தோதோ அப்போ சொல்லு. சொல்லலன்னாலும் ஒண்ணும் இல்ல.'

8 பிப்ரவரி

படித்துவிட்டாள். பதில் இல்லை. இந்த முறை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

10 பிப்ரவரி

பதில் வந்தது. 'மாடில சிக்னல் கெடைக்கும். கட்டில் கெடையாது, பாய்தான்.'

இருபது தடவையாவது படித்திருப்பேன். பாய் போதும். பாய் தாராளமாகப் போதும்.

12 பிப்ரவரி

சங்கராபுரம். வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னதில் பாரம் குறைந்தது.

அத்தை படுத்தபடியே, "வாங்க மாப்ள" என்று சொல்லி அழுதார்கள். மாப்பிள்ளை எதிரில் படுத்திருக்கிறோமே என்று எழப் பார்த்தார்கள். ரஞ்சனி தோளைப் பிடித்து அமுக்கினாள். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. போனில் பேசியபோது இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. மாடிக்குப் பாயைக் கொண்டுவந்து வைத்தவள் நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

16 பிப்ரவரி

நான்கு நாளாகச் சாப்பிட வாங்க, தண்ணி வந்துட்டுது, அவ்வளவுதான் பேச்சு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனியாக இருப்பது அங்கே இருந்ததைவிட மோசம். வந்தது தப்போ என்றுகூட நினைத்தேன். காலையிலும் சாயந்திரமும் அத்தையை இரண்டு பேருமாகத் தூக்கி உட்காரவைக்கிறோம். மற்ற நேரம் மாடியில் பாப்-அப்.

இன்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அம்மாவா நீங்களான்னு கேட்டீங்க. நான் எதச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒருத்தரு இல்லன்னு ஆயிடும். அத என் வாயால சொல்லச் சொன்னீங்க."

தப்புதான் ரஞ்சனி என்றேன். அவள் மீதித் துணியை என் பக்கம் தள்ளினாள். மடித்தேன்.

22 பிப்ரவரி

அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை வந்தார்கள். பிறகு திரும்பிப் போக முடியவில்லை. மூன்று பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம்.

2 மார்ச், ஞாயிறு

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை இன்று கேட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று. சாதாரணமாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் முகம் சுருங்கியது. என்ன சொல்வது? அடுத்த வாரம் என்பதா, பார்க்கலாம் என்பதா? குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ரஞ்சனி துணி பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க போறாரு? இங்கதான்கா இருப்பாரு. கீர பறிச்சீங்கன்னா ஒரு கட்டு குடுங்க, அவருக்கு முருங்கக்கீரன்னா உசுரு."

அக்கா கொடுத்தார்கள். மாடிக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்து உருவிக்கொடுத்தேன்.