சைரன் போட்டாலும் நிற்க வேண்டும்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலியும் என் மாமியாரின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று முதன்முதலாக ஆம்புலன்ஸை நானே தனியாக ஓட்டினேன்! ஊரே ஒதுங்கி வழிவிட்டது. நம் வீட்டில் குளியலறைக்குக்கூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பின்னால் நெஞ்சுவலிக்காரர் ஒருவர், அவர் மனைவி, ஒரு நர்ஸ். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. சைரன் அலறினாலும் அங்கே முழுதாக நிறுத்தி, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நிறுத்தினேன்.

"என்னப்பா நிக்கிற? சிக்னல்ல நிக்கறதுக்கு டாக்சியே போதுமே! மனுஷன் போயிடுவாரு!" என்று அந்த அம்மாள் கத்தினார்.

"நான் இன்னும் இங்கதான்டி இருக்கேன்," என்றார் கணவர்.

அதற்குள் ஒரு தீயணைப்பு வண்டி குறுக்கே பறந்தது. அவர்கள் சைரன் எங்களுக்குக் கேட்கவில்லை, எங்களுடையது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவரவர் கத்தலில் அடுத்தவர் கத்தல் அமுங்கிவிடும். கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீ பயப்படாதே, நடுவே ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும் அளவு இடம் இருந்தது.

அடுத்த சந்தி தெரிந்ததுமே அம்மாள், "நில்லுப்பா, நல்லா பாத்துட்டுப் போ!" என்றார். கணவர் பிழைத்துக்கொண்டார்.

ஒரு சின்ன உதவி. பிள்ளைகள் சண்டை போட்டால் உடனே விலக்கிவிடாமல் போனில் பதிவு செய்து அனுப்பு. வேலை முடிந்து அறைக்கு வந்தால் சத்தமே இல்லை. நடுவில் நீ அதட்டுவதை வெட்டிவிடாதே.

அழைப்பு வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் கணவன்