தந்திக்கோட்டைக்கு மேற்கே பத்து நிலையங்கள்

நாள் 203. 06:10

நிலா, தென்முனை நீர்நிலையம். பொறுப்பு: உலகம்மாள், பம்பு ஆபரேட்டர்.

பனி உருக்கும் தொட்டி 34 டிகிரி. ஒன்றாம் பம்பு ஓடுகிறது. இரண்டாம் பம்புக்கு ஓய்வு. காற்று சுத்தம் செய்யும் பெட்டிகள் நான்கிலும் பச்சை விளக்கு.

மற்ற ஆறு பேர் பூமிக்கு இறங்கிப் பதினெட்டு நாளாகிறது. அடுத்த கலம் 245-ஆம் நாள்.

இதை எடுத்துப் படிப்பவர் பெரிய படிப்பு படித்தவராக இருப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் எந்த வாரம் போகும் என்று சொல்கிறவள் இங்கே நான் ஒருத்திதான். அதையும் பதிவு செய்கிறேன்.

18:40

தினமும் ஆறரைக்குப் பூமியிலிருந்து என் தங்கச்சி கோமதியின் செய்தி வரும். பேச்சு இல்லை, எழுத்துதான். நாங்கள் விளையாடுகிறோம். பதிவில் விளையாட்டை எழுதக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

விளையாட்டுப் பெட்டியின் பெயர் தந்திக்கோட்டை. மேஜையில் வரைபடம் விரித்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆட வேண்டும். அந்த நாட்டில் ராஜாக்கள் கறுப்பு டெலிபோனில் சண்டை போடுவார்கள். டிராம் வண்டியை யாளி இழுக்கும். டிரான்சிஸ்டருக்குள் பூதம் குடியிருந்து ஸ்டேஷன் மாற்றும். சாபம் கொடுப்பதானால் டைப் அடித்து மூன்று பிரதி எடுக்க வேண்டும். கார்பன் பேப்பர் தீர்ந்தால் சாபமும் இல்லை.

பெட்டியை வாங்கியது கோமுவின் மாப்பிள்ளை பரமசிவம். அவர் கதை சொல்வார், இவள் ஆடுவாள். இரண்டு வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு கோமு பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் கட்டிலில் வரைபடத்தை விரித்தேன். என்ன சாப்பிட்டாய் என்று சொன்னால்தான் பகடை செல்லும் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு உருட்டினாள். அந்தச் சட்டம் இன்றும் நடக்கிறது.

இன்றைய செய்தி:

"யக்கா, சாப்பிட்டது: ரெண்டு தோசை, தக்காளிச் சட்னி. மின்னல்கொடி மேற்கு வாசல்ல சைக்கிள நிறுத்தி காவல் பூதத்துக்கு பீடி குடுக்கா. பகடை: ரெண்டும் நாலும். கதவ தொறக்கானா?"

மின்னல்கொடி அவள் ஆடும் ஆள், தந்தி கொண்டுபோகிறவள். முதல் நாளே மாப்பிள்ளை அவள் பையில் ஒரு தந்தியைப் போட்டுவிட்டார். எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். கோமு இதுவரை பிரிக்கவில்லை.

என் பதில்: "ஆறு போதாது. பூதம் பீடிய வாங்கிட்டு தீப்பெட்டி கேக்கு. அதுவும் இல்லாமலா வந்த, கூறுகெட்டவளே."

நாள் 206. 11:25

கல் விழுந்தது. கடுகளவுதான் இருக்கும். வரிசையாக மூன்று காற்றுப் பெட்டிகளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த அறையை அடைத்துவிட்டேன். மிச்சம் ஒரு பெட்டி. தண்ணீருக்குக் குறைவில்லை. சாப்பாட்டுக்கும் இல்லை.

13:50

தரைக் கட்டுப்பாட்டில் ஃபெலிக்ஸ் தம்பி.

"உலகம்மாக்கா, நாங்க கணக்கு போட்டுட்டு இருக்கோம்."

"நான் போட்டுட்டேன் தம்பி. ஒத்தப் பெட்டி பத்து நாள் தாங்கும். கலத்த எப்ப அனுப்புவீய?"

ஒலி போய் வர மூன்று நொடி. அவன் பதிலுக்கு இருபத்திரண்டு நொடி ஆனது.

"எப்படி அடிச்சுப் பிடிச்சாலும் 231-ஆம் நாள்தான்க்கா."

நாள் 207. 09:00

அழுது முடித்தாயிற்று. காற்றுதான் வீண்.

எனக்கு வேறு கவலை. 150-ஆம் நாள் வாக்கில் ஆன்டெனா கெட்டு மூன்று நாள் செய்தி போகவில்லை. அந்த மூன்று நாளும் கோமு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ராமலெட்சுமி பிறகு எழுதித்தான் எனக்குத் தெரியும்.

ஃபெலிக்ஸிடம் சொன்னேன்: "ஆபீஸ்ல இருந்து யாரும் என் தங்கச்சிட்ட மூச்சு விடக்கூடாது."

"எதுவரைக்கும்க்கா?"

"கலம் வந்து என்னை எடுக்குத வரைக்கும்."

"எங்க வேதத்துல இப்படி மறைக்கிறது பெரிய பாவம்க்கா."

"பாவத்த என் கணக்குல எழுதிக்கோ. எனக்குத்தான் நிலாவுல இடம் இருக்கே."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நாள் 208. 10:15

பம்பை நிறுத்திய பிறகும் குழாயில் கிடக்கிற தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடும். அதைத்தான் செய்யப் போகிறேன். பத்து முறைக்கான பதிலை இப்போதே எழுதி இயந்திரத்தில் வரிசை போட்டுவிடுவேன். தினம் ஆறரைக்கு ஒன்று போகும்.

சிக்கல்: அவள் என்ன செய்வாள், என்ன உருட்டுவாள் என்று தெரியாமல் பதில் எழுத வேண்டும். அதனால் அவளை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். வண்டியில் போகிறவளை வண்டிதானே கொண்டுபோகும். ஏறும்போது விழும் பகடையை மட்டும் குத்துமதிப்பாக எழுதுவேன்.

மாப்பிள்ளையின் வரைபடம் கோட்டையின் மேற்கு மதிலோடு முடிகிறது. அதற்கப்பால் வெற்றுத் தாள். இன்று அதில் தண்டவாளம் போட்டேன், மையால். கோமுவிடமும் ஒரு பிரதி இருக்கிறது. பத்து நிலையத்துக்கு இடம் விட்டு அவளையும் வரையச் சொன்னேன். வரைபடத்தில் மையால் எழுதியதை யாரும் அழிக்கக்கூடாது. அது மாப்பிள்ளை போட்ட சட்டம்.

நாள் 211. 16:30

ஐந்து நிலையங்கள் முடிந்தன.

கார்பன்பட்டி: பழைய சாபங்களின் மூன்றாம் பிரதியை வெளுத்து, கொடியில் காயப்போடுகிற ஊர். வால்வுமேடு: ஓய்வுபெற்ற பூதங்கள் ரேடியோவுக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும். மூன்றாவது நிலையத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவள் ஒரு யட்சி. சோடா உடைக்கும்போது கோலி மேலே பறந்து நட்சத்திரமாகும். அது எனக்கே பிடித்திருக்கிறது. படித்தவர்கள் யாராவது இப்படி யோசிப்பார்களா?

கோமு எழுதியிருக்கிறாள்: "யக்கா, என்ன திடீர்னு ரோடு போடுத, ரயிலு விடுத? கவர்மெண்ட் காண்ட்ராக்ட் எடுத்திருக்கியா?"

நாள் 213

தலைவலி. பின்மண்டையில் ஆணி அடிக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பம்பு இரண்டையும் நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் இல்லாமல் இந்த இடம் யாரோ வீட்டு இடம் மாதிரி இருக்கிறது.

ஏழு நிலையம். எந்தச் செய்தி எந்தக் கிழமைக்கு என்று விரல் விட்டு எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினால் இரண்டு கிழமை வருகிறது.

நாள் 215

ஒன்பது. கை கோணுகிறது. ஃபெலிக்ஸ் ஜெபம் பண்ணுகிறான், எனக்குக் கேட்கட்டும் என்றே மைக்கைத் திறந்து வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை.

இன்றைய பதிலை நானே அனுப்பினேன். அவள் கீரை சாப்பிட்டிருக்கிறாள். கீரையில் உப்பு கூட என்று அவளே எழுதினாள். சந்தோஷமாக இருந்தது.

நாள் 216

சிவப்பு விளக்கு. கோமுவுக்கு இன்றைக்கும் பதில் போட்டேன். வண்டி நாளைக்குக் கிளம்பும் என்று.

பத்தாவது நிலையத்துக்குப் பெயர் வரவில்லை. கோடு மட்டும் போட்டேன். வட்டம் போட்டேன். உள்ளே என்ன

யட்சி கடையில் ஒரு சோடா குடித்தால் தேவலை

கோமு முதல்ல நீ சாப்

தானியங்கிப் பதிவு. நாள் 217. 18:30

உள்ளே வந்த செய்தி: "யக்கா, சாப்பிட்டது: இட்லி நாலு. மின்னல்கொடி ஓடிப்போய் ரயில்ல ஏறுதா. பகடை: அஞ்சும் ஆறும். எப்பிடி!"

வரிசைச் செய்தி 1 அனுப்பப்பட்டது: "ரெண்டு பகடையிலயும் ஒண்ணா? உன் கைராசி அப்படி. கார்டு பூதம் காலரப் பிடிச்சு ஏத்திவிட்டான்."

18:34. உள்ளே: "பதினொண்ணுல்லா போட்டேன்?"

18:41. உள்ளே: "யக்கா?"

19:05. உள்ளே: "ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க?"

நிலைய அறையில் அசைவு இல்லை.

தானியங்கிப் பதிவு. நாள் 218. 18:30

உள்ளே: "யக்கா, நேத்து கண்ணாடி போடாம பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணுதான். நீ சொன்னதுதான் சரி. சாப்பிட்டது: ரசஞ்சோறு, கொஞ்சம். இன்னைக்கு உருட்டல. வண்டில ஜன்னலோரம் உக்காந்திருக்கேன்."

வரிசைச் செய்தி 2 அனுப்பப்பட்டது: "வால்வுமேடு வந்தாச்சு. இன்னைக்கு சனிக்கிழமைல்லா, உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் வெச்சிருப்ப. எனக்கும் சேத்துத் தின்னு."

தானியங்கிப் பதிவு. நாள் 219. 18:30

உள்ளே: "யக்கா, நேத்து வியாழக்கெழம. பரவாயில்ல. இன்னைக்கு உளுந்து வறுத்து, எள்ளு அரச்சு எல்லாம் செஞ்சேன். ரெண்டு தட்டுல போட்டேன். ரெண்டு தட்டையும் நானே தின்னேன். தொண்டைல எறங்க மாட்டேன்னுது. தண்ணி குடிச்சுக் குடிச்சு எறக்கிட்டேன்."

வரிசைச் செய்தி 3 அனுப்பப்பட்டது.

தானியங்கிப் பதிவு. நாள் 225. 18:30

வரிசைச் செய்தி 9 அனுப்பப்பட்டது. வரிசை காலி.

தானியங்கிப் பதிவு. நாள் 226. 18:30

உள்ளே: "சாப்பிட்டது: கம்பங்கூழு, மோர் மொளகா. யக்கா, ஒனக்கு அலுப்பா இருக்கும். இன்னைக்கு உன் முறையையும் நானே எழுதுதேன்."

அனுப்ப வேண்டியது: இல்லை.

தானியங்கிப் பதிவு. நாள் 231. 15:12

கலம் வந்து சேர்ந்தது. வெளிக்கதவு வெளியிலிருந்து திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்கள்: 4.

18:30

உள்ளே: "யக்கா, பத்தாவது நிலையத்துக்கு நீ பேரு வைக்கல. உலகம்மாள்புரம்னு மையால எழுதிட்டேன். இனிமே யாரும் அழிக்க முடியாது. சின்ன நிலையம்தான். பிளாட்பாரத்துல ஒரு கறுப்பு டெலிபோன். பக்கத்துல எங்கயோ ஒரு பம்பு ஓடிட்டே இருக்கு.

இன்னைக்கு ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு கவர் குடுத்தாங்க. ஃபெலிக்ஸுன்னு ஒரு தம்பி வாசல்லயே நின்னு அழுதுச்சு. உள்ள கூப்ட்டு சோறு போட்டேன். பாவம், நல்லா சாப்ட்டான்.

கவர பிரிக்கல. மின்னல்கொடி பையில, அந்தத் தந்திக்குப் பக்கத்துல வெச்சிட்டா.

சாப்பிட்டது: சோறு, புளிக்கொழம்பு, அப்பளம் ஒண்ணு. வயிறு நெறைய.

மின்னல்கொடி வண்டிய விட்டு எறங்கி டெலிபோன எடுக்கா. பகடை: ரெண்டும் ஒண்ணு. நெஜமாவே ஒண்ணுதான்க்கா விழுந்துச்சு.

இப்ப உன் முறை. என்ன சாப்பிட்டேன்னு மொதல்ல சொல்லு. அப்பதான் செல்லும்."

18:31

பதிலுக்குக் காத்திருக்கிறது.